ஒன்பதின்மர் கூடும் மேடை

சிவகங்கைச் சீமையில் ஒரு சிற்றூர். பங்குனித் திருவிழாவின் எட்டாம் நாள், இரவு ஒன்பதரை மணி. கொட்டகைக்குப் பின்னே தார்ப்பாய் மறைப்புக்குள், தகரப்பெட்டியின் மேல் கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, வள்ளியாக நடிக்கவிருப்பவர் அரிதாரம் பூசிக்கொண்டிருக்கிறார். அவர் புதுக்கோட்டையிலிருந்து பேருந்தில் வந்தவர். நாரதர் மணப்பாறைக்காரர். முருகன் மதுரையிலிருந்து வந்துகொண்டிருக்கிறார்; இன்னும் அரை மணி ஆகும். ஆர்மோனியக் கலைஞர் மறைப்பை விலக்கித் தலையை நீட்டி, "எத்தனை கட்டைம்மா?" என்று கேட்கிறார். "அஞ்சுண்ணே" என்று கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமலே விடை வருகிறது. அன்றைய ஒத்திகை அத்துடன் முடிந்தது. பத்தரை மணிக்குத் திரை விலகும். முருகனும் வள்ளியும் அதற்கு முன் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராதவர்களாகக்கூட இருக்கலாம். ஆயினும் கிழக்கு வெளுக்கும் வரை ஒரு சொல் பிசகாமல், ஒரு சுருதி விலகாமல் வள்ளி திருமணம் நடந்தேறும்.

மக்கள் வழக்கில் ஸ்பெஷல் நாடகம் எனப்படும் இசை நாடக மரபு இது. இதற்குக் குழு இல்லை, முதலாளி இல்லை, இயக்குநரும் இல்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், நடனம் ஆடுபவர், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட், தாளம் என ஒன்பதின்மர் ஒன்பது ஊர்களிலிருந்து தனித்தனியே அச்சாரம் பெற்று வருகிறார்கள், ஓர் இரவுக்கு மட்டும் ஒரு குழுவாகிறார்கள், விடிந்ததும் பிரிகிறார்கள். அவர்களைப் பிணைக்கும் நூல் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் பாடம். 1867இல் பிறந்து 1922இல் புதுவையில் மறைந்த அப்பெருமகனார் யாத்தளித்த பாட்டும் உரையாடலும் அத்தனை நடிகரின் நெஞ்சிலும் ஒரே வடிவில் பதிந்து கிடக்கின்றன. அதனால்தான் அறிமுகமற்ற இருவர் மேடையில் சந்தித்து, காலங்காலமாகப் பழகியவர்போல் தர்க்கம் செய்ய முடிகிறது. இத்தகைய கூட்டுத்தொழில் திறம் உலக நாடக மரபுகளில் அரிதினும் அரிது என்றே நாம் கருதுகிறோம்.

அவ்வளவு நம்பிக்கையோடு மேடையில் கூடுகிறவர்கள் மேடையை விட்டிறங்கியதும் ஏன் தனித்தனி ஆளாகிவிடுகிறார்கள்? இக்கேள்வியை இன்று எழுப்பாமல் இருப்பதற்கில்லை. கலைஞர்களிடையே தொடர்பு இல்லை என்று சொல்வது பிழை. தொடர்பு நிறையவே உண்டு. ஆனால் அந்தத் தொடர்பின் முடிச்சுகள் கலைஞர் கையில் இல்லை. அவை நாடக அமைப்பாளரின் சட்டைப் பையில், ஓரம் கிழிந்த ஒரு நோட்டில் இருக்கின்றன. எவர் எந்த வேடத்துக்கு ஏற்றவர், எவருக்கு எந்தத் தேதி ஒழிவாக உள்ளது, எவருக்கு எவ்வளவு சம்பளம், எவருடன் எவர் நடிக்க மாட்டார் என்பதெல்லாம் அந்த நோட்டில்தான். அமைப்பாளரை நாம் குறை கூறவில்லை. விழாக் குழுவுக்கும் கலைஞருக்கும் இடையே அவர் ஆற்றும் பணி பெரிது. ஒரு நடிகர் வர இயலாமற்போனால் நள்ளிரவில் மாற்று ஆளைத் தேடி அலைபவரும் அவரே. ஆயினும் ஒரு தொழிலின் முழு அறிவும் அத்தொழிலைச் செய்யாதவரின் கைக்குறிப்பில் அடங்கிக் கிடக்குமானால், செய்பவர் என்றென்றும் அழைப்புக்காகக் காத்திருப்பவராகவே இருப்பார். காத்திருப்பவர் விலை பேச முடியாது.

மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி, மணப்பாறை, சேலம் எனப் பல ஊர்களில் நாடக நடிகர் சங்கங்கள் உள்ளன. அவற்றின் தொண்டு பழமையானது. நடிகருக்குள் எழும் வழக்கைத் தீர்த்துவைப்பதும், நோயுற்றவருக்குக் கைம்மாற்று திரட்டுவதும், இறந்தவரின் இல்லத்துக்கு மாலையுடன் செல்வதும் அவையே. சுவாமிகளின் குருபூசை நாளில் கலைஞர்கள் திரளாகக் கூடுகிறார்கள். விடிய விடியப் பாடுகிறார்கள். மறுநாள் அவரவர் ஊர், அவரவர் சங்கம். ஓர் ஊர்ச் சங்கத்தின் ஏட்டில் உள்ள பெயர் மற்றோர் ஊருக்குத் தெரியாது. மதுரைச் சங்கத்து முருகனும் புதுக்கோட்டைச் சங்கத்து வள்ளியும் வாரத்தில் மூன்றிரவு ஒன்றாக நடிப்பார்கள். இருவருடைய சங்கச் செயலாளர்களோ ஆண்டில் ஒருமுறைகூட ஒரே மேசையில் அமர்ந்திருக்க மாட்டார்கள். சங்கத்தின் எல்லை ஊரோடு நிற்கிறது. தொழிலின் எல்லை எட்டு மாவட்டங்களைக் கடந்து போகிறது.

இப்பிளவின் விலையை 2020இல் கண்டோம். பொது முடக்கம் நடைமுறைக்கு வந்தது அவ்வாண்டு மார்ச் 25ஆம் நாள். நாடகக் கலைஞருக்கு அது பங்குனி மாதம். ஆண்டு முழுவதற்குமான வருவாய் பங்குனியில் தொடங்கி ஆடிக்குள் வந்து சேரவேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் எந்த ஊரும் கொட்டகை போடுவதில்லை. வாங்கிய அச்சாரத்தை விழாக் குழுவினர் திருப்பிக் கேட்டனர். அந்த அச்சாரமோ அதற்கு முந்தைய மழைக்காலத்துக் கடனுக்கே போயிருந்தது. மறு ஆண்டும் அதே பருவத்தில் இரண்டாம் அலை வந்தது. இரு பருவங்கள் அடுத்தடுத்துப் போயின. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென 2007இல் தமிழக அரசு நல வாரியம் ஏற்படுத்தியிருந்தது உண்மை. ஆனால் வாரியத்தின் பதிவேட்டில் பெயர் இருந்தவரைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிது. பெயர் இல்லாதவர் தாம் கலைஞர் என்பதை எதைக் காட்டி மெய்ப்பிப்பார்? பழைய நாடக நோட்டீசில் தம் படம் அச்சாகியிருப்பதைக் காட்டலாம். ராஜபார்ட்டின் படம் பெரிதாக இருக்கும். ஸ்திரீபார்ட்டின் படம் இருக்கும். தாளம் போட்டவரின் பெயர் கடைசி வரியில் இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். நாற்பது ஆண்டு தாளம் போட்ட ஒருவருக்குத் தம் தொழிலை நிறுவ ஒரு துண்டுத் தாள் இல்லாத நிலை நமக்குப் பெருந்தலைக்குனிவு.

ஆகவே நாம் கோருவது ஒரு பொதுப் பதிவேடு. அதைக் கலைஞர்களே வைத்திருக்க வேண்டும். எல்லாச் சங்கங்களும் சேர்ந்து வைத்திருக்க வேண்டும். பெயர், ஊர், வேடம் அல்லது கருவி, கற்பித்த ஆசிரியர், பாடம் தெரிந்த நாடகங்கள், நடித்த இரவுகள் ஆகியன அதில் நாள்தோறும் ஏறவேண்டும். அரசு உதவிக்கும், காப்பீட்டுக்கும், முதியோர் உதவித்தொகைக்கும் அதுவே சான்று. ஒழிவுள்ள தேதிகளும் அதிலேயே இருக்குமானால், நடிகர் ஒருவர் காய்ச்சலில் படுத்த இரவில் அடுத்த ஊரில் இருக்கும் மற்றொருவரைச் சக கலைஞரே அழைத்துவிடலாம். இன்று ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. பதிவேடு என்பது பெருஞ்செலவான காரியமன்று; வேண்டியது மனம் ஒன்றுதல்.

பதிவேட்டை அடுத்து வருவது எழுத்து வடிவ ஒப்பந்தம். இன்று வாய்ச்சொல்லும் வெற்றிலை பாக்கின் மேல் வைத்த அச்சாரமுமே ஒப்பந்தம். மழை பெய்து நாடகம் நின்றால் சம்பளம் உண்டா, பாதியா, இல்லையா? இரு தெருவினரிடையே கைகலப்பு மூண்டு நள்ளிரவில் நாடகம் நிறுத்தப்பட்டால் அந்த இழப்பு யாருடையது? போக்குவரத்துச் செலவு சம்பளத்தில் அடங்குமா? இவற்றுக்கெல்லாம் ஊருக்கு ஒரு விடை, ஆளுக்கு ஒரு விடை. பெண் கலைஞர்களின் நிலையோ சொல்லவே கூச வைப்பது. எட்டு மணி நேரம் மேடையில் நிற்கும் ஒருவருக்கு ஒதுங்க ஒரு கழிப்பிடம் இல்லை. உடைமாற்றும் மறைப்பின் ஓட்டையில் இளைஞர்களின் கண்கள். விடியற்காலையில் பேருந்து நிலையம் வரை கொண்டுவிட ஓர் ஊர்தி இல்லை. தனியொரு நடிகை இவற்றைக் கேட்டால் "வம்புக்காரி" என்ற பெயர் அடுத்த ஊருக்கு அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். கதவடைத்த உடைமாற்றும் அறை, கழிப்பிடம், இரவு உணவு, திரும்பிச் செல்ல ஊர்தி ஆகியவை எல்லாச் சங்கங்களும் ஒப்பிய ஒரே படிவத்தில் அச்சடித்திருக்குமானால், கேட்பவர் அந்த நடிகை அல்லர். கேட்பது அந்தத் தாள். ஒற்றை ஆளின் வாயிலிருந்து வரும்போது வம்பாகத் தோன்றுவது, ஆயிரம் பேர் கையொப்பமிட்ட தாளில் வரும்போது வழக்கமாகிவிடும்.

இவற்றைக் கேட்டவுடன் எழும் மறுப்பை நாம் அறிவோம். கலைஞருக்குள் போட்டி உண்டே, ஒரே தேதிக்கு இருவர் முயல்வார்களே, சம்பளத்தைக் குறைத்துச் சொல்லி அடுத்தவர் வாய்ப்பைத் தட்டிப் பறிப்பவர் இருக்கிறார்களே, இவர்களா ஒன்றுபடுவார்கள் என்பது அம்மறுப்பு. இதற்கு விடையை மேடையிலேயே காணலாம். வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தைக் கவனியுங்கள். இருவரும் விட்டுக்கொடுக்காமல் மோதுகிறார்கள். ஒருவர் கேள்வியால் மற்றவரை மடக்கப் பார்க்கிறார். கூட்டம் கைதட்டி யார் பக்கம் என்று பிரிந்து நிற்கிறது. அந்த மோதலின் உச்சத்தில் வள்ளிக்கு ஓர் அடி மறந்துவிடுகிறது என்று வையுங்கள். நாரதர் தம் கேள்விக்குள்ளேயே அந்த அடியைப் பொதிந்து எடுத்துக் கொடுத்துவிடுவார். அவையில் ஒருவருக்கும் தெரியாது. ஆர்மோனியக்காரருக்கு மட்டும் தெரியும். எதிராளி விழுந்துவிட்டால் தர்க்கமே இல்லை என்பது அக்கலைஞருக்கு எலும்பில் ஊறிய பாடம். போட்டிக்கு நடுவில் அடியெடுத்துக் கொடுக்கும் இப்பண்பைச் சம்பளப் பேச்சுக்கும் கொண்டுவர வேண்டும். அவ்வளவே நாம் கேட்பது.

முன்னோர் முயலாததையும் நாம் கேட்கவில்லை. 1944இல் டி.கே.எஸ். சகோதரர்கள் முன்னின்று ஈரோட்டில் நாடகக் கலைக்கென ஒரு மாநாடு கூட்டினார்கள். குழுக்கள் தனித்தனியே ஊர் ஊராகக் கொட்டகை போட்டு அலைந்த காலத்தில், நாடகத்தார் தம் தொழிலைப் பற்றித் தாமே கூடிப் பேசலாம் என்று காட்டிய நிகழ்வு அது. நம் காலத்திலும் சான்று உண்டு. காஞ்சிபுரத்தை மையமாகக் கொண்டு 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் தோன்றியது. கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் அவருடன் நின்ற பிற கூத்தர்களும், ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் அதை வளர்த்தெடுத்தனர். ஒருவர் ஆளை ஒருவர் இழுத்துக்கொள்வதே வழக்கமாக இருந்த ஒரு துறையில், கூத்தர்கள் ஒரு கூரையின் கீழ் அமர்ந்து பேச வழி பிறந்தது. 2002 முதல் குருகுலம் நடத்திச் சிறாருக்குப் பள்ளிக் கல்வியும் கூத்தும் சேர்த்துக் கற்பித்தார்கள். ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகள் முடி தரித்து ஆடியது அந்தக் கூட்டுறவு தந்த பேறு. குருகுலம் 2020இல் மூடப்பட்டது என்பதை வருத்தத்துடன் குறிப்பிடுகிறோம். தனிமனிதர் சிலரின் உழைப்பை மட்டும் நம்பி எந்த அமைப்பும் நெடுங்காலம் நிற்பது கடினம். ஆதலால்தான் ஒரு சங்கமன்று, சங்கங்களின் கூட்டிணைவு வேண்டும் என்கிறோம்.

பிரான்சு நாட்டில் நம் ஸ்பெஷல் நடிகரைப்போலவே ஓரிரவுக்கு ஓரிடம் என்று பணிபுரியும் கலைஞர்கள் ஏராளம். அந்நாட்டில் அவர்களுக்கெனத் தனி ஏற்பாடு உண்டு. பன்னிரண்டு மாதங்களில் 507 மணி நேரம் பணிபுரிந்ததாகக் கணக்குக் காட்டும் கலைஞர், வேலையில்லாத நாள்களுக்கு உதவித்தொகை பெறும் உரிமையுடையவர். அந்த அளவுகோலை நம் கொட்டகைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒரு நாடகத்துக்கு எட்டு மணி நேரம். 64 நாடகம் நடித்தால் 512 மணி நேரம். நல்ல பருவத்தில் நம் ராஜபார்ட் ஒருவர் எட்டிப்பிடிக்கக்கூடிய எண்ணிக்கை அது. அங்கே பிறந்திருந்தால் மழைக்காலத்தில் உரிமையுடன் தொகை பெற்றிருப்பவர், இங்கே ஐப்பசியில் தம் வெள்ளிக் கிரீடத்தை அடகுக்கடைக்கு எடுத்துச் செல்கிறார். அத்தகைய ஏற்பாடு இங்கு நாளையே வரும் என்று நாம் மயங்கவில்லை. ஆனால் மணிக்கணக்கைக் காட்டுவதற்கே முதலில் ஒரு கணக்கேடு வேண்டுமே!

மற்றொன்றும் உண்டு. இன்று பெரும்பாலான நாடகங்களை மேடையெதிரே நின்று ஒளிப்பதிவாளர் ஒருவர் முழு இரவும் பதிவு செய்கிறார். இரண்டு நாளில் அது யூடியூபில் ஏறிவிடுகிறது. இலட்சக்கணக்கானோர் பார்க்கும் நாடகங்களும் உண்டு. அதில் வரும் தொகையில் வள்ளிக்கும் முருகனுக்கும் பங்கில்லை. பதிவு செய்யலாமா என்று அவர்களைக் கேட்பதும் அரிது. நிகழ்த்துநருக்குத் தம் நிகழ்ச்சியின் மீது உரிமை உண்டு என்பதை 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அதை மேலும் வலுப்படுத்தியது. 50 ஆண்டுகளுக்கு நிற்கும் உரிமை அது. அவ்வுரிமையைக் கொண்டு பாடகர்கள் 2013இல் தமக்கெனச் சங்கம் பதிந்துகொண்டார்கள். சட்டம் ஒன்றே, ஒன்றுபட்டவருக்கு அது கைக்கருவியாயிற்று, சிதறி நிற்பவருக்கு ஏட்டுச் சுரைக்காயாயிற்று.

கூட்டிணைவு என்று நாம் சொல்வது நாடகத்தாரோடு நின்றுவிடக் கூடாது. ஒரே திருவிழாவில் முதல் நாள் கரகாட்டம், மறுநாள் பாட்டுக் கச்சேரி, மூன்றாம் நாள் நாடகம். நையாண்டி மேளத்துத் தவில்காரரும் நாடகத்து மிருதங்கக்காரரும் ஒரே விழாக் குழுவிடம் கைநீட்டுகிறவர்கள். ஒரே தெருவில் காலணியைக் கழற்றிவிட்டு நடந்தவர்கள். பறையிசைக் கலைஞரைப் பந்தலுக்கு வெளியே நிறுத்தும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. சாதியின் பெயரால் சக கலைஞரை ஒதுக்கிய கறை நாடக மேடைக்கும் உண்டு. தேசியப் பாடல்களை மேடையிலிருந்து முழங்கிச் சிறை புகுந்த எஸ். எஸ். விஸ்வநாததாஸோடு, அவர் பிறந்த சாதியைக் காட்டி இணைந்து நடிக்க மறுத்தோர் இருந்தனர். 1940 டிசம்பர் 31ஆம் நாள் சென்னையில் வள்ளி திருமண நாடகத்தில் முருகன் வேடத்தில் மயில்மேல் அமர்ந்திருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. அந்த மேடையின் வழித்தோன்றல்கள் அமைக்கப்போகும் கூட்டிணைவில் பறைக்கு ஒரு வரிசை, நாகசுரத்துக்கு வேறொரு வரிசை என்று இருத்தல் ஆகாது. பதிவேட்டில் பெயர்கள் அகர வரிசையில் வரட்டும்.

கற்பித்தலும் இதில் அடங்கும். சுவாமிகளின் பெயரால் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பள்ளி நடைபெறுகிறது. அங்கே பயிலும் மாணவருக்கும், எட்டாம் வகுப்பைத் தாண்டாமல் நாற்பது ஆண்டுகள் நாரதர் வேடம் கட்டிய முதியவருக்கும் இடையே பாலம் வேண்டும். அம்முதியவருக்கு ஒரு நாடகத்தின் முழுப் பாடமும், ஒவ்வொரு பாட்டின் மெட்டும், எந்த ஊர்ச் சபை எந்த இடத்தில் கைதட்டும் என்பதும் மனப்பாடம். அவர் போனால் அதுவும் போயிற்று. மழைக்கால மூன்று மாதங்களில் அவரைச் சம்பளத்துக்கு அழைத்து இளையோருக்குக் கற்பிக்கச் செய்தல் பல்கலைக்கழகத்தாலும் இயலும், கலை பண்பாட்டுத் துறையாலும் இயலும். யாரை அழைப்பது என்று அவர்கள் கேட்டால் நீட்டுவதற்குப் பெயர்ப்பட்டியல் கலைஞரிடம் இருக்க வேண்டும்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி எழுவர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதியலாம். ஓரிரவு மேடையில் கூடுபவர் ஒன்பதின்மர். ஆடி கழிந்து கொட்டகைகள் பிரிக்கப்பட்டதும் சங்கச் செயலாளர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். அந்த ஆவணி மாதத்தில், மதுரையிலோ புதுக்கோட்டையிலோ, அனைத்துச் சங்கத்தாரும் ஒருநாள் கூடவேண்டும். அமைப்பாளர்களையும் அழையுங்கள், அவர்களின் பழைய நோட்டுகளில் உள்ள பெயர்கள் பொது ஏட்டின் தொடக்கத்துக்கு உதவும். ஒப்பந்தப் படிவம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்; படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, பெண் கலைஞர்கள் திருத்திய பின்பே அச்சுக்குப் போகட்டும். பதிவேட்டுக்காக முதலில் திரட்ட வேண்டியது, எந்த நோட்டீசிலும் படம் வராத தாளக் கலைஞர்களின் பெயர்களை.